பாதி விலை சுகர் ஸ்ட்ரிப்: டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள்

ஏமாற்று இப்படித்தான் நடக்கிறது. மீட்டரில் செருகி ரத்தச் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் 50, ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வரும் பெட்டி பார்க்கப் புதிதுபோல இருக்கும். ஆனால் பெட்டியில் ஒரு பேட்ச் எண், உள்ளே டப்பாவில் வேறொன்று. எக்ஸ்பயரி தேதிக்கு மேல் இன்னொரு ஸ்டிக்கர். ரீடிங் தாறுமாறாக வருகிறது என்று விற்றவரிடம் சொன்னால், "கையைக் கழுவாமல் பார்த்திருப்பீர்கள், பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிடுவார்கள். பழம் நறுக்கிய விரலில் ரீடிங் ஏறும் என்பது உண்மை. அதனாலேயே பலர் தன் மேல்தான் தப்பு என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

ஸ்ட்ரிப் நுனியில் இருப்பது நொதி. ஈரமும் சூடும் அதைக் கெடுக்கும். பெரும்பாலான ஸ்ட்ரிப்களை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. நம் ஊர் மே மாதக் கூரியர் வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று யோசியுங்கள். ஒருமுறை திறந்த டப்பாவுக்கு, பல பிராண்டுகளில், 3 முதல் 6 மாதம்தான் ஆயுள். இதில் கொடுமை, பெரும்பாலான மீட்டர்களுக்கு ஸ்ட்ரிப்பின் எக்ஸ்பயரி தெரியாது. கெட்டுப்போன ஸ்ட்ரிப்பிலும் ஒரு எண்ணைக் காட்டிவிடும்.

அந்த எண்ணை வைத்துத்தான் டைப் 1 உள்ளவர் இன்சுலின் போடுகிறார். உண்மையான சுகர் 120, மீட்டர் காட்டுவது 260 என்று வையுங்கள். இலக்கு 110, 1 யூனிட் இன்சுலின் 50 இறக்கும் என்றால், ஏறிய சுகரை இறக்கப் போடும் கரெக்‌ஷன் 3 யூனிட். அது 150 இறக்கும். 120-இல் இருப்பவருக்கு இறங்க இடம் ஏது? மாறாகக் குறைத்துக் காட்டினால், இன்சுலின் போதாமல் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறும்.

இது இங்கே மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2006-இல் போலி ஸ்ட்ரிப் பற்றியும், 2019-இல் ஒருவர் வாங்கியதை இன்னொருவருக்கு மறுவிற்பனை செய்யும் ஸ்ட்ரிப் பற்றியும் எச்சரித்தது.

பெட்டி வந்ததும் சீல், பேட்ச் எண், எக்ஸ்பயரி மூன்றையும் பெட்டியிலும் டப்பாவிலும் ஒப்பிடுங்கள். இறக்குமதிச் சரக்கென்றால் இறக்குமதியாளர் முகவரியும் உரிம எண்ணும் அச்சில் இருக்க வேண்டும். கோட் எண் (code) கேட்கும் பழைய மீட்டரில் டப்பாவில் உள்ள எண்ணையே போடுங்கள்.

பிறகு கன்ட்ரோல் சொல்யூஷன், அதாவது ரத்தத்துக்குப் பதிலாக ஸ்ட்ரிப்பைச் சோதிக்கும், சுகர் அளவு தெரிந்த திரவம். அதே மீட்டர் நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும், அதன் எக்ஸ்பயரியையும் பாருங்கள். குலுக்கி, முதல் துளியை விட்டுவிட்டு, அடுத்த துளியைச் சுத்தமான இடத்தில் வைத்து ஸ்ட்ரிப்பால் தொடுங்கள். டப்பாவில் அச்சிட்ட வரம்புக்குள் வர வேண்டும். இரண்டாம் முறையும் வெளியே போனால் அந்த டப்பாவைத் தொடாதீர்கள். இன்னும் சந்தேகமா? லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கும் அதே நேரத்தில் விரலிலும் பாருங்கள். லேப் 200 என்றால் மீட்டர் 170-க்கும் 230-க்கும் நடுவே இருக்க வேண்டும். 100-க்குக் கீழே என்றால் 15 வரை வித்தியாசம் வரலாம். சாப்பிட்ட பின் ஒப்பிடாதீர்கள், அப்போது விரல் ரத்தத்தில் சுகர் இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

தப்பான டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். பில், பெட்டி, மீதி ஸ்ட்ரிப் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்து, 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் புகார் கொடுங்கள். வேறு நல்ல ஸ்ட்ரிப் வரும்வரை, சந்தேகமான ரீடிங்கை நம்பிக் கரெக்‌ஷன் போட வேண்டாம்; டாக்டரிடம் பேசுங்கள். வியர்த்து, கை நடுங்கினால் அது சுகர் இறங்கியதன் அறிகுறி; மீட்டர் என்ன காட்டினாலும் முதலில் 15 கிராம் குளுக்கோஸ். சுகரைத் தொடர்ந்து காட்டும் சென்சாரை உடலில் போட்டிருப்பவர்களும், அவசரத்துக்கென்று அலமாரியில் போட்டு வைத்த ஸ்ட்ரிப் டப்பாவின் தேதியை இன்றே பாருங்கள்.