சேலத்தில் ‘மாத்திரைக்கு ஜீன் டெஸ்ட்’ விற்கிறார்கள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

அம்மாபேட்டையில் ஒரு பெரியவர், வயது 68. சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை. மண்டபத்தில் நடந்த இலவச முகாமில், “எந்த மாத்திரை உங்கள் உடம்புக்கு ஒத்துக்கும்னு ஜீனைப் பார்த்தே சொல்லிடுவோம்” என்று கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்துக்கொண்டு 14,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைக்குச் சிவப்பு (ஒத்துக்காது), ஸ்டென்ட் அடைக்காமல் இருக்கக் கொடுக்கும் க்ளோபிடோக்ரலுக்குப் பச்சை (ஒத்துக்கும்). சிவப்பைப் பார்த்ததும் டாக்டரைக் கேட்காமல் மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 290-க்கு ஏறிவிட்டது. வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்தச் சிவப்புக்கு ஆதாரமே கிடையாது. மெட்ஃபார்மின் கல்லீரலில் உடைபடுவதில்லை, அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. கொடுக்கலாமா கூடாதா என்று பார்க்க ரத்தத்தில் கிரியாட்டினின் எடுத்து, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். கணக்கிட வேண்டும். 30-க்குக் கீழே இருந்தால் நிறுத்துவார்கள்.

பச்சைதான் இன்னும் ஆபத்து. க்ளோபிடோக்ரல் விழுங்கியதுமே வேலை செய்யாது; கல்லீரலில் சி.ஒய்.பி.2சி19 என்ற என்சைம் அதை மாற்றிக் கொடுத்தால்தான் ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் இருக்கும். இந்த ஜீனின் இரண்டு பிரதியும் *2 அல்லது *3 என்ற வேலை செய்யாத வகையாக இருப்பவர்களுக்கு மருந்து சரியாகப் பிடிக்காது, ஸ்டென்ட் அடைக்கும் வாய்ப்பு கூடும். *2 நம் மக்களிடம் நிறைய உண்டு என்பதால், ஸ்டென்ட் வைத்தவருக்கு டாக்டர் இந்த ஒன்றை எழுதிக் கொடுத்தால் அதில் அர்த்தம் இருக்கிறது. பெரியவருக்கு ஜீன் நன்றாக இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் தினமும் காலையில் ஓமெப்ரசோல் என்ற அசிடிட்டி மாத்திரை போடுகிறார். அது இதே என்சைமைத் தடுக்கும். ஜீன் சரி, என்சைம் மந்தம்! டாக்டர் அதை பேன்டோப்ரசோல் என்ற வேறு அசிடிட்டி மாத்திரையாக மாற்றினார், அவ்வளவுதான் தேவைப்பட்டது. மெட்டோப்ரொலால் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பராக்ஸடின் என்ற மனச்சோர்வு மாத்திரை சேர்த்தாலும் இதே கதைதான்: சி.ஒய்.பி.2டி6 என்ற இன்னொரு என்சைம் தடைபட்டு, நாடித்துடிப்பு ரொம்பக் குறையலாம்.

என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று முகாமில் ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பது மாத்திரைக்காரருக்கு அந்தக் கேள்வி இல்லாமல் எழுதின ரிப்போர்ட் வெறும் கலர் பேப்பர். இப்படிப்பட்ட டெஸ்ட்டுகளை நம்பி மருந்தை மாற்றாதீர்கள் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-லேயே எச்சரித்தது.

டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் உங்கள் டாக்டரிடம் போங்கள். எல்லா மாத்திரையையும், வலி மாத்திரை, சித்த மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். லேபில் கேட்க வேண்டியது: ரிப்போர்ட்டில் ஜீன் பெயரும் *1/*2 மாதிரி முடிவும் அச்சாகுமா? 2டி6 ஜீனைப் பார்த்தால் அதன் பிரதி எத்தனை இருக்கிறது என்றும் பார்ப்பீர்களா? லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரத்தில் இந்த டெஸ்ட் அடங்குமா? லோகோவை மட்டும் நம்பாதீர்கள், என்.ஏ.பி.எல். தளத்தில் லேப் பெயரைப் போட்டுச் சரிபாருங்கள். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் ரத்தத்தில் மஜ்ஜை கொடுத்தவரின் ஜீன்தான் தெரியும்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பில், ரிப்போர்ட், முகாம் நோட்டீஸ் மூன்றையும் பத்திரப்படுத்தி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. அம்மாபேட்டை வீட்டார் ஜீன் முடிவை எழுத்தில் கேட்டு அந்த கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறார்கள், இதுவரை பதில் இல்லை.