பிள்ளைகளுக்குச் சமையல் புத்தகம் ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா? எனக்கு நடந்ததைப் படித்துவிட்டு வாங்குங்கள்

போன ஏப்ரலில் முழுப்பரீட்சை முடிந்த கையோடு என் மகள் "அம்மா, இந்த லீவுல நான் சமைக்கக் கத்துக்கறேன்" என்றாள். பத்து வயது. அந்த ஆசை தானாக வரும்போது கெடுத்துவிடக் கூடாது என்று அன்று இரவே போனில் தேடினேன். தேடியதுதான் தாமதம், மறுநாளிலிருந்து எதைத் திறந்தாலும் ஒரே விளம்பரம்: குழந்தைகளுக்கான நூறு சமையல், தமிழில், கலர் படங்களுடன், 799 ரூபாய். யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

வந்த புத்தகத்தில் கலர் என்பது அட்டையோடு சரி. உள்ளே மங்கலான கறுப்பு வெள்ளை, பாதிப் பக்கங்களில் படமே இல்லை. எழுதியவர் பெயர் இல்லை, பதிப்பகத்தின் முகவரி இல்லை, புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணும் இல்லை. அப்போதே எடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் அதை இரவு பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள், எனக்கு மனசு வரவில்லை.

முதலில் கேக். "அடுப்பை 350 டிகிரிக்குச் சூடாக்கவும்" என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டு ஓடிஜியில் (கேக் சுடும் சின்ன மின் அடுப்பு) 250க்கு மேல் எண்ணே கிடையாது, பாவம், அவள் கடைசி வரை திருகி வைத்துவிட்டாள். மேலே கரி, உள்ளே பச்சை மாவு. 350 என்பது அமெரிக்காவில் எழுதும் ஃபாரன்ஹீட் கணக்கு, நம் ஓடிஜியில் ஏறக்குறைய 180 வைத்தால் போதும் என்று எனக்கே பிறகுதான் உறைத்தது. திரும்ப சரியான சூட்டில் செய்தோம், அப்போதும் வாயில் வைக்க முடியவில்லை, சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு கசப்பு. பேக்கிங் பவுடர், பேக்கிங் சோடா இரண்டுக்கும் "சமையல் சோடா" என்று ஒரே பெயர், தேக்கரண்டி, மேசைக்கரண்டி இரண்டுக்கும் "கரண்டி" என்று ஒரே சொல். தேக்கரண்டி என்றால் 5 மில்லி, மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி. பேக்கிங் சோடா, அதாவது ஆப்ப சோடா, மூன்று மடங்கு விழுந்தால் எப்படி இருக்கும்? "நான் தப்பா செஞ்சுட்டேனாம்மா?" என்று அவள் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் எழுதியிருந்ததை அப்படியே செய்திருந்தாள்.

அடுத்தது ஒரு சாலட். "1 கேன் சிறுநீரக பீன்ஸ், கழுவி வடிகட்டியது". சிறுநீரக பீன்ஸ்! ஆங்கிலத்தில் "கிட்னி பீன்ஸ்" என்கிற ராஜ்மாவைத்தான் சொல்லுக்குச் சொல் அப்படி மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். "கேன்னா நம்ம தண்ணி கேனாம்மா?" என்று கேட்டாள், நானும் சிரித்துவிட்டு ஒரு டம்ளர் எடுத்துக்கோ கண்ணு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். ஆங்கில மூலத்தில் இருந்தது டின்னில் அடைத்து வரும் ராஜ்மா, அது ஏற்கனவே வெந்தது, கழுவி அப்படியே போடலாம். இந்தப் புத்தகத்தில் வேகவைப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. சுண்டலுக்கு அம்மாயி ஊறப்போடுவதைப் பார்த்தவள், ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வடித்து, வெள்ளரிக்காயோடு கலந்து எலுமிச்சை பிழிந்து, ருசி பார்க்கிறேன் என்று ஒரு கை சாப்பிட்டிருக்கிறாள். இரண்டு மணி நேரத்தில் வாந்தி. நான் வீடு வந்து சேர்வதற்குள் நான்கு முறை. ஆஸ்பத்திரியில் மாலை வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நஞ்சு இருக்கிறது, ஒரு கைப்பிடிகூட வேண்டாம், நாலைந்து பருப்பே வயிற்றைப் புரட்டிவிடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்து, அதற்கப்புறம் நன்றாக வேக வேண்டும். சிறு தீயில் அரைவேக்காடாக விட்டால் பச்சையைவிடவும் மோசமாகலாம். நாம் குக்கரில் வைத்துக் குழைய வேகவிடுவதால் இது நம் வீடுகளில் பெரிதாகத் தெரியாமலே இருந்திருக்கிறது.

விற்றவர்களுக்கு அன்றே எழுதினேன். ஆறு நாள் கழித்து, புத்தகங்களுக்கு ரிட்டர்ன் கிடையாது, அடுத்த ஆர்டரில் 100 ரூபாய் தள்ளுபடி என்று பதில். பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2020 மின்வணிக விதிகளின்படி புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதைச் சொல்லி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஆர்டர் ரசீது, தவறு இருக்கும் பக்கங்களின் போட்டோ, மருத்துவமனைச் சீட்டு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், நீங்களும் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இனி பார்க்காமல் வாங்குவதாக இல்லை. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வரும், அங்கே அவளையும் கூட்டிப் போய், நின்று ஒரு குறிப்பை முழுதாகப் படித்துப் பார்த்துத்தான் எடுப்பேன். பொருட்கள் நம் மளிகைக்கடையில் கிடைக்குமா, அளவு கிராமிலோ மில்லியிலோ இருக்கிறதா, "5 நிமிடம் வதக்கவும்" என்பதோடு நிற்காமல் வெங்காயம் கண்ணாடி போல் ஆகும் வரை என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளம் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, எந்த இடத்தில் பெரியவர் கை வேண்டும் என்று அந்தந்த வரியிலேயே இருக்க வேண்டும். சோறு வடிப்பது, கடுகு தாளிப்பது, ஆவி முழுதாக அடங்கும் முன் குக்கர் வெயிட்டைத் தொடக் கூடாது என்பது, இதையெல்லாம் முன்னுரையில் ஒரே பத்தியில் சொல்லிவிட்டால் எந்தப் பிள்ளை படிக்கும்?

அப்படி ஒரு புத்தகம் ஏற்கனவே உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், இன்றைக்கே ராஜ்மா வரும் பக்கத்தையும் கேக் வரும் பக்கத்தையும் திறந்து பாருங்கள். "சிறுநீரக பீன்ஸ்" என்றோ, ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று சொல்லாமல் வெறும் 350 டிகிரி என்றோ இருந்தால் அது பிள்ளை கைக்குப் போக வேண்டாம்.