நேரடி இயக்க ஸ்கீ படகு: ஒருபக்கம் இழுக்கும் ஸ்டியரிங் பற்றி ஒரு மதிப்பீடு

நீர்ச்சறுக்கு வீரர்களை இழுப்பதற்கென்றே கட்டப்படும் நேரடி இயக்கப் படகு ஒன்றை நான் நெடுநாளாக ஓட்டிவருகிறேன். அது பின்னால் எழுப்பும் அலை தாழ்வானது, வேகம் எளிதில் மாறாதது, நடுவில் என்ஜின் அமர்ந்திருப்பதால் சமநிலையும் குலைவதில்லை. இவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வாங்க நினைப்பவர்கள் முதல் சோதனை ஓட்டத்திலேயே கேட்பது, பிடியைத் தளர்த்தியதும் ஸ்டியரிங் ஏன் ஒரே பக்கமாகத் திரும்பப் பார்க்கிறது என்பதைத்தான். அது பழுதாக இருக்குமோ என்று அஞ்சி நல்ல படகை வேண்டாமென்று விட்டுப் போனவர்கள் உண்டு. பழுதையே இயல்பென்று நம்பி வாங்கியவர்களும் உண்டு. ஆகவே இந்த மதிப்பீட்டில் ஸ்டியரிங்கை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வகைப் படகில் என்ஜினிலிருந்து புறப்படும் ஷாஃப்ட் பின்னோக்கிச் சரிந்து, படகின் அடித்தளத்தைத் துளைத்துக்கொண்டு நீருக்குள் இறங்குகிறது. அதன் முனையில் புரொப்பல்லரும், அதற்குச் சற்றுப் பின்னால் சுக்கானும் இருக்கின்றன. ஷாஃப்ட் சரிந்திருப்பதால் புரொப்பல்லரும் நீரோட்டத்துக்கு நேராக நிற்பதில்லை. கீழ்நோக்கி இறங்கும் இதழ் நீரை அதிகக் கோணத்தில் வெட்டுகிறது, மேல்நோக்கி ஏறும் இதழ் குறைந்த கோணத்தில் வெட்டுகிறது. இதனால் இறங்கும் பக்கத்தில் உந்துதல் கூடுகிறது. ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று மட்டும் வலுவாக இழுத்தால் ஏர் எதிர்ப்பக்கம் திரும்புவது போலவே, படகின் முன்முனையும் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. பின்னாலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பல்லர் கொண்ட என் படகில் இந்த உந்துதல் முன்முனையை வலப்பக்கமாகத் தள்ளுகிறது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை உணரும் இழுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. புரொப்பல்லர் பின்னோக்கித் தள்ளும் நீர் நேராகப் போவதில்லை, முறுக்கிக்கொண்டு போகிறது. அந்த முறுக்கு சுக்கானின் மேற்பாதியை ஒரு பக்கத்திலிருந்தும் கீழ்ப்பாதியை மறுபக்கத்திலிருந்தும் அடிக்கிறது. இரண்டு பாதிகளும் அளவிலும் வடிவிலும் சமமாக இருப்பதில்லை என்பதால் மிஞ்சும் விசை சுக்கானைத் திருப்பி, கேபிள் வழியாகக் கைக்கு வந்து சேர்கிறது. சுக்கானைக் கழற்றாமலே ஷாஃப்டை வெளியே உருவ வேண்டும் என்பதற்காகப் பல படகுகளில் சுக்கானை மையக்கோட்டிலிருந்து சற்று விலக்கிப் பொருத்துகிறார்கள். பராமரிப்புக்கு மிக வசதியான இந்த ஏற்பாடும் சமமின்மையைக் கூட்டக்கூடியதே.

சுக்கானின் பின்னோரத்தை ஒரு பக்கத்தில் மட்டும் சிறிது சாய்வாகத் தேய்த்தாலே இந்த இழுப்பைப் பெருமளவு குறைத்துவிடலாம். பலரும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் இழுப்பை முற்றிலும் போக்கிவிடுவது நல்லதன்று என்பது என் உறுதியான கருத்து. கேபிளிலும் இணைப்புகளிலும் எப்போதும் சிறு தளர்ச்சி இருக்கும். ஒரு பக்கமாக மெல்லிய இழுப்பு இருந்தால் அந்தத் தளர்ச்சி எடுபட்டு, கை அசைந்த அதே கணத்தில் சுக்கானும் அசைகிறது. இழுப்பே இல்லாவிட்டால் சுக்கான் அந்தத் தளர்ச்சிக்குள் இப்படியும் அப்படியும் ஆடி, படகு நேர்கோட்டில் நிலைகொள்ளாமல் அலைகிறது. இரண்டு விரல்களால் தாங்கிக்கொள்ளக்கூடிய இழுப்பை நான் குறையாகக் கருதுவதில்லை; அது இருப்பதையே விரும்புகிறேன்.

வீரர் மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றிவரும் ஸ்லாலம் ஓட்டத்தில் இதன் அருமை தெரியும். 259 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில், ஆடவர் பிரிவின் உச்ச வேகமான மணிக்கு 58 கிலோமீட்டரில், 2.3 மீட்டர் அகலமே உள்ள மிதவை வாயில்களின் நடுவே படகை நேராகச் செலுத்த வேண்டும். அதே நேரத்தில் வீரர் ஒவ்வொரு மிதவையையும் சுற்றி வரும்போது கயிறு படகை மாறி மாறி இரு பக்கமும் இழுக்கும். ஓட்டுநர் ஒவ்வோர் இழுப்புக்கும் சிறு திருத்தம் தர வேண்டிய அந்த நொடிகளில், கைக்கும் சுக்கானுக்கும் இடையில் தளர்ச்சி இருந்தால் திருத்தம் தாமதமாகும். மறுபுறம், இழுப்பு மிகுந்த படகில் ஒரு பக்கத் திருத்தம் இலேசாகவும் மறுபக்கத் திருத்தம் பாரமாகவும் இருப்பதால் ஓட்டுநரின் தோள் விரைவில் களைத்துவிடும்.

இயல்பான இழுப்பையும் பழுதையும் பிரித்தறிவது கடினமன்று. ஆட்களைச் சமமாக உட்கார வைத்து, ஓட்ட வேகத்தில் இழுப்பைக் கவனித்துவிட்டு, த்ராட்டிலை மெல்லக் குறைத்து நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். புரொப்பல்லர் உந்துவது நின்றதும் இழுப்பும் மறைந்துவிட்டால், காரணம் முறுக்கு நீர்தான். படகு அப்போதும் ஒரே பக்கம் விலகினால் எடை ஒருபக்கமாகச் சேர்ந்திருக்கிறதா என்றும், அடித்தளத்திலுள்ள துடுப்பு போன்ற ஃபின்கள் வளைந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கரையேற்றிய பிறகு சுக்கானைத் திருப்பும் நெம்புகோலிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, சுக்கானை வெறுங்கையால் திருப்பிப் பாருங்கள். கிரீஸ் உள்ள சுக்கான் ஒரே சீரான எதிர்ப்புடன் வழுக்கித் திரும்பும். ஓரிடத்தில் நின்று நின்று திரும்பினால் சுக்கான் தண்டைச் சுற்றி நீர் புகாமல் தடுக்கும் பேக்கிங் மிக இறுகியிருக்கலாம், அல்லது தண்டே வளைந்திருக்கலாம். அதே நிலையில் ஸ்டியரிங்கைத் தனியே சுழற்றினால் கேபிளின் இறுக்கம் தெரிந்துவிடும். நேற்றுவரை இல்லாத இழுப்பு இன்று திடீரென்று வந்தால் மட்டும் வேறெதையும் தேடாமல் முதலில் புரொப்பல்லரின் இதழ் ஓரங்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

அரம் எடுப்பது கடைசி வேலை. எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும் என்பதை உறுதிசெய்துகொள்ளாமல் தொடங்கினால் இழுப்பு இரட்டிப்பாகும்; தேய்த்த உலோகம் திரும்பி வராது. சிறிது தேய்த்து, நீரில் ஓட்டிப் பார்த்து, மறுபடியும் சிறிது தேய்க்கும் பொறுமை உள்ளவரிடமே இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். படகின் பின்புறத்தில் வெளியே மாட்டப்படும் அவுட்போர்டு என்ஜின்களில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் புரொப்பல்லருக்கு மேலேயுள்ள சிறு தகட்டின் போல்ட்டைத் தளர்த்தி, படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாகத் தகட்டின் பின்முனையைத் திருப்பி இறுக்கினால் போதும். சரிவராவிட்டால் மீண்டும் மாற்றலாம். நேரடி இயக்கப் படகு இந்த ஒரு வகையில் பின்தங்கியே இருக்கிறது.

பின்னோக்கிச் செலுத்தும்போது சுக்கான் ஏறக்குறைய பயனற்றுப் போய், இடஞ்சுழிப் புரொப்பல்லர் பின்பகுதியை வலப்பக்கம் கொண்டுபோய்விடுகிறது. வலப்பக்கம் துறைமேடை வருமாறு அணைந்தால் இதே குணம் உதவியாகிறது.

எனக்குள்ள மனக்குறை படகின் மேல் இல்லை, அதன் கையேட்டின் மேல்தான். எந்தப் பக்கம், எந்த வேகத்தில், எவ்வளவு இழுப்பு இயல்பானது என்று அதில் ஒரு பத்தி எழுதியிருந்தால் வாங்குபவர்களின் அச்சமும், தேவையற்ற கேபிள் மாற்றங்களும் குறைந்திருக்கும். மற்றபடி, சறுக்கு வீரரை இழுப்பதே முதல் நோக்கமாக உள்ளவர்களுக்கு இந்தப் படகையே பரிந்துரைக்கிறேன். பழைய படகை வாங்குபவர்கள் விலை பேசுவதற்கு முன், சுக்கானின் பின்னோரத்தில் முன்பே யாரேனும் அரம் வைத்திருக்கிறார்களா என்று கரையில் குனிந்து பார்த்துவிடுவது நல்லது.