தினம் ஒரு படமா, வாரம் ஒரு படமா?

ஒரு வருடம் முழுக்கத் தினம் ஒரு படம் எடுக்கப் போவதாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்களுக்கு வேண்டியது நல்ல படமா, அந்த வருடமா? குதர்க்கமான கேள்வி என்று சிலர் முறைப்பார்கள். ஆனால் 365 நாள் திட்டம், 52 வாரத் திட்டம், நூறு நாளுக்குள் முடிந்துவிடும் குறுந்திட்டம் ஆகிய மூன்றில் எது நமக்கு ஒத்துவரும் என்பது இதற்கான பதிலில்தான் இருக்கிறது. மூன்றிலும் இறங்கிப் பார்த்தவன் நான். தினப்படத்தில் முதல் முறை பாதியிலேயே கரையேறினேன்.

அந்த முதல் முயற்சி அசல் ஆரம்ப சூரத்தனம். பெரிய கேமரா, மூன்று லென்ஸ், ஒவ்வொரு நாளும் சுவரில் மாட்டத்தக்க படம் என்ற சங்கல்பம். முதல் மூன்று வாரம் அருமையாகப் போயிற்று. ஜன்னல் வெளிச்சம், படிக்கட்டின் நிழல், கோப்பையில் எழும் ஆவி, கண்ணாடியில் மழைத்துளி என்று கைக்கெட்டிய அழகெல்லாம் அதற்குள் தீர்ந்துவிட்டது. பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். இரவு 11.50-க்கு நினைவு வரும். பதறிக்கொண்டு எழுந்து எதையாவது எடுப்பேன். மேசை விளக்கு. செருப்பு. என் கட்டைவிரல். மறுபடியும் மேசை விளக்கு. ஐந்தாம் மாதத்தில் கேமராவைப் பையில் போட்டு மூடினேன்.

ஆனாலும் அந்த ஐந்து மாதம் வீண் என்று சொல்லமாட்டேன். தினமும் எடுப்பதால் கைக்கு வரும் பழக்கம் வேறு எந்த வழியிலும் வருவதில்லை. 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து, ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கினால் படம் அசைந்துவிடும் என்பதைப் படித்தும் தெரிந்துகொள்ளலாம். மங்கலான அறைக்குள் நுழைந்ததும் விரல் தானாகவே ஐஎஸ்ஓ-வை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) ஏற்றுகிற நிலை, பயன்படுத்திப் பயன்படுத்தித்தான் வரும். இன்னொன்றும் உண்டு. ஒரே சுவரில் விழும் வெயில் பட்டை மாதத்துக்கு மாதம் நகர்ந்து போவதைத் தினமும் பார்ப்பவர் கண்ணால் காண்கிறார். அதன்பின் எந்த இடத்தில் எப்போது நின்றால் வெளிச்சம் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

தினத்திட்டம் தராதது ஒன்றுதான்: திரும்பிப் போகும் வாய்ப்பு. வாரத்திட்டத்தின் முழு பலமும் அதில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை ஓர் இடத்தைப் பார்க்கிறீர்கள். வெளிச்சம் தட்டையாக இருக்கிறது. வியாழக்கிழமை சூரியன் சாயும் நேரத்துக்குக் கேமராவை நிறுத்தும் முக்காலியோடு மறுபடி போகிறீர்கள். நாற்பது படம் எடுத்து, இரண்டு நாள் ஆறப்போட்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறீர்கள். ஒளிப்படக் கலையில் பாதி, வேண்டாததைத் தள்ளுவது. நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தள்ளுவதற்கு எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.

வாரத்திட்டத்துக்கும் வியாதி உண்டு. அதன் பெயர் ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆறு நாள் நழுவியபின் வரும் அவசரம், இரவு 11.50-இன் பெரிய அண்ணன். தினத்திட்டத்தை விடும்போது குற்ற உணர்வு குத்தும். வாரத்திட்டமோ சத்தமில்லாமல் சாகும். இரண்டு வாரம் விட்டுப்போனதே மூன்றாவது வாரம்தான் தெரியவரும்.

முன்னோடிகளைப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஜேமி லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்கர் 1979 மார்ச் 31 தொடங்கித் தினமும் ஒரு போலராய்டு படம் (எடுத்தவுடனே அச்சாகி வருவது) எடுத்தார். 1997 அக்டோபர் 25 அன்று இறந்துபோகும் வரை அது தொடர்ந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். தனித்தனியாக எடுத்தால் பலவும் சாதாரணமானவை. நண்பர்கள், அறைகள், கடைசியில் மருத்துவமனை. வரிசையாகப் பார்க்கத் தொடங்கினால் மட்டும் பாதியில் எழுந்துவர முடிவதில்லை. இதற்கு நேர் எதிர், இயற்கை ஒளிப்படக்காரர் ஜிம் பிராண்டன்பர்க். 1994-இல் இலையுதிர்காலச் சம இரவு நாளில் தொடங்கி 90 நாள், நாளுக்கு ஒரே ஒரு முறைதான் ஷட்டரை அழுத்துவது என்று விதி வைத்துக்கொண்டார். அவருடைய படங்கள் ஒவ்வொன்றும் தனியாகவே நிற்கும். ஆனால் அப்போதே அவர் பல்லாண்டு அனுபவமுள்ள தொழில்முறைக் கலைஞர் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த விதியை முப்பது நாள் நானும் பின்பற்றிப் பார்த்தேன். அழுத்தாமல் இருப்பதற்குக் கற்றுக்கொண்டேன். உருப்படியாகத் தேறியது நான்கு படம்.

எதில் எடுப்பது என்ற கேள்விக்கு நான் அதிகம் யோசிப்பதில்லை. தினத்திட்டம் என்றால் கைபேசி. அது எப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது என்பதற்கு மேல் காரணம் வேண்டாம். என் இரண்டாவது முயற்சி வருடக் கடைசி வரை போனதற்கு அது ஒன்றே காரணம். குறை இல்லாமல் இல்லை. கைபேசியின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. வரையிலான அகன்ற பார்வை கொண்டது. முகத்துக்கு அருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும். தள்ளி நின்றால் தேவையற்றதெல்லாம் சட்டத்துக்குள் வந்து உட்காரும். வருடம் முழுக்கப் படங்களுக்கு ஒரே சாயல் வந்துவிடுகிறது.

கேமராவோடுதான் 365 நாளும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு படத்துக்காக நாளுக்கு 20 முறை அழுத்தினால் வருடத்துக்கு 7,300 படங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு (சுருக்காத மூலப்பதிவு) ஒன்றை 25 எம்பி என்று வைத்தாலும் 180 ஜிபியைத் தாண்டும். அதற்கு இன்னொரு பிரதி வேறு வேண்டும். இடத்தைக்கூட வாங்கிவிடலாம், உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதற்கு நேரம்? அன்றைய குப்பையை அன்றிரவே அழிக்காதவர்களின் திட்டம் படம் எடுக்க முடியாமல் நிற்பதில்லை, எடுத்ததைப் பார்க்க முடியாமல் நிற்கிறது.

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே பொருளையே எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கிறார்கள். அமெரிக்க ஒளிப்படக்காரர்களான கார்ல் பேடன் 1987 பிப்ரவரியிலிருந்தும், நோவா கலினா 2000 ஜனவரியிலிருந்தும் தத்தம் முகத்தையே தினமும் எடுத்து வந்தார்கள். இன்று என்ன எடுப்பது என்று யோசிக்கவே வேண்டாம் என்பதுதான் அதன் சூட்சுமம். ஆனால் வருடக் கடைசி வரை அது உங்களுக்குப் புதிதாக எதையும் கற்றுத்தராது. ‘நிழல்’, ‘சிவப்பு’, ‘கதவு’ என்று நாளுக்கொரு தலைப்புத் தரும் பட்டியல்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பள்ளிக்கூட வீட்டுப்பாடத்தின் வாசனை அடிக்கிறது. மந்தமான நாளுக்கு ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஆகவே புதிதாகக் கேமரா வாங்கியவருக்கு என் பரிந்துரை ஒரே லென்ஸோடு 90 நாள், தினமும். முழு வருடம் வேண்டாம். கை பழகுவதற்கு இது போதும். சில வருடமாக எடுத்துக்கொண்டிருந்து, தன் படங்களெல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று சலித்தவருக்கு 52 வாரம். வாழ்ந்த வருடம் கையில் மிஞ்ச வேண்டும் என்பவருக்கு மட்டும் கைபேசியும் 365-உம்.

ஒரு நாள் தவறினால் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். கார்ல் பேடனுக்கும் 1991-இல் ஒரு நாள் தவறியிருக்கிறது. அதற்காக அவர் நிறுத்திவிடவில்லை. மறுநாள் இரண்டு எடுத்து ஈடுகட்டுவதும் கோப்பின் தேதியை மாற்றுவதும் நம்மையே ஏமாற்றிக்கொள்ளும் வேலை. நானும் ஒருமுறை 12.10-க்கு எடுத்த படத்துக்கு முந்தைய நாளின் தேதியை இட்டிருக்கிறேன். அதுவும் மேசை விளக்குதான்.