ஹாஃப் டன்னா, முக்கால் டன்னா? ட்ரெய்லர் இழுக்கும் பிக்கப்பின் எடைக் கணக்கு

எஃப்-150, ராம் 1500, சில்வராடோ 1500 என்று ஹாஃப் டன் (சுமக்கும் அளவை வைத்து வந்த பழைய வகைப் பெயர்) பிக்கப் எதை எடுத்தாலும், சரியான எஞ்சினும் ஆக்சிலும் இருந்தால் 11,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. அது பொய்யில்லை. ஆனால் அதே வண்டியில் 7,500 பவுண்டு ட்ராவல் ட்ரெய்லரை (பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டி) கட்டி, குடும்பத்தையும் ஏற்றினால் வரம்பு தாண்டிவிடும். இழுப்பதில் சிக்கல் இல்லை, சுமப்பதில்தான்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் மஞ்சள் பட்டையோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருப்பார்கள். அதுதான் அந்த ஒரு வண்டிக்கே உரிய பேலோட். விளம்பர எண்ணோ எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் ஜே2807 என்ற சோதனையிலிருந்து வருவது. அரிசோனாவின் டேவிஸ் அணை மேட்டில், கொளுத்தும் வெயிலில், ஏ.சி. ஓடும் நிலையில் வண்டி ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் உள்ளே இருப்பதாகக் கொள்வது ஆளுக்கு 150 பவுண்டில் இரண்டே பேர். பின்சீட்டுப் பிள்ளைகளும் ஐஸ் பெட்டியும் விறகும் அந்தக் கணக்கில் வராது.

ஹாஃப் டன்னின் கணக்கைப் போடுவோம். நான்கு கதவு, 4x4, நடுத்தர வசதிகள் உள்ள வண்டியின் ஸ்டிக்கரில் 1,600 பவுண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ட்ராவல் ட்ரெய்லரின் மூக்கு, வண்டியோடு இணைக்கும் ஹிட்ச் மேல் அழுத்தும் எடை, அதாவது டங் வெயிட், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 13 சதவீதம் என்றால் 975 பவுண்டு. ஸ்பிரிங் பார்களால் சுமையைப் பரப்பும் எடைபகிர்வு ஹிட்ச் 100. நான்கு பேர் 550. கூட்டினால் 1,625. பின்தொட்டியில் ஒரு பொருள்கூட ஏறவில்லை, அதற்குள் 25 பவுண்டு அதிகம். ஹிட்ச்சின் ஸ்பிரிங் பார்கள் இதில் கொஞ்சத்தை ட்ரெய்லர் சக்கரங்களுக்குத் தள்ளும் என்பது உண்மை. ஆனால் ஜெனரேட்டரை ஏற்றிய மறுநிமிடம் அந்தச் சலுகை தீர்ந்துபோகும்.

டங் வெயிட்டைக் குறைத்துத் தப்பிக்கலாமே என்று சரக்கையெல்லாம் ட்ரெய்லரின் பின்பக்கம் தள்ளுகிறவர்கள் உண்டு. இதைவிட ஆபத்தான தந்திரம் வேறில்லை. மூக்கு 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் உள்ள ட்ரெய்லரில் 40 கேலன் நிரப்பினாலே பின்பக்கம் 330 பவுண்டு கூடிவிடுகிறது. ஆட்டம் வந்துவிட்டால் வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஓட்டுநர் பக்கமுள்ள ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரின் கைவிசையால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள்.

அடுத்த பெரிய வகையான முக்கால் டன் (எஃப்-250, ராம் 2500) என்றால் கவலை தீர்ந்ததா? பெட்ரோல் எஞ்சின் என்றால் பெரும்பாலும் தீர்ந்தது. ஸ்டிக்கரில் 3,000 இருந்தால் மேலே சொன்ன 1,625 போக 1,375 மிச்சம். டீசலில்தான் வேடிக்கை. எஃப்-250, ராம் 2500 டீசல் வண்டிகளில் பலவற்றின் மொத்த எடை வரம்பு (வண்டியும் சுமையும் சேர்ந்து) 10,000 பவுண்டை ஒட்டியே நிற்கும், ஏனெனில் அமெரிக்காவில் வணிக வாகன விதிகள் 10,001-இல் தொடங்குகின்றன. டீசல் எஞ்சினோ பெட்ரோலைவிடப் பல நூறு பவுண்டு கனம். வரம்பு ஏறாமல் எஞ்சின் மட்டும் கனத்தால் அடிபடுவது பேலோட். சகல வசதிகளோடும் வரும் டீசலின் ஸ்டிக்கரில் 2,200 என்று பார்ப்பது சாதாரணம். மலையேற்றத்தில் டீசலின் இழுவிசையும், இறக்கத்தில் எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் அதன் எக்ஸாஸ்ட் பிரேக்கும் அருமை, மறுக்கவில்லை. ஆனால் ஃபிஃப்த் வீல் வகை ட்ரெய்லரைக் கட்டும்போது இந்த 2,200 போதாது. பின்தொட்டியின் நடுவே உட்காரும் அந்த வகை 15 முதல் 25 சதவீத எடையை வண்டி மேல் இறக்கும். 9,000 பவுண்டு ஃபிஃப்த் வீலுக்கு 20 சதவீதம் என்றால் 1,800. ஹிட்ச் 200, குடும்பம் 550. மொத்தம் 2,550. விலை குறைந்த பெட்ரோல் வண்டி சுமக்கும், டீசல் சுமக்காது. 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் என்றால் இரண்டையும் விட்டு ஒரு டன் வண்டிக்குப் போய்விடுங்கள்.

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை (ஏர் பேக்) மாட்டினால் பின்பக்கம் தாழாது. ஸ்டிக்கர் எண் மட்டும் அப்படியேதான் இருக்கும். ஆக்சில், சக்கரம், பிரேக் எதுவும் மாறவில்லையே.

வீட்டுக் கணக்கை நம்புவதைவிட லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது மேல். முதல் முறை ட்ரெய்லரோடு, ஸ்பிரிங் பார்களைத் தளர்த்திவிட்டு நிறுத்துங்கள். அடுத்து ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, ஹிட்ச்சைக் கழற்றாமல், அதே ஆட்களோடு வண்டியை மட்டும். நம் ஹாஃப் டன்னில் ஏறக்குறைய இப்படி வரும்: தனியாக முன்னச்சு 3,230, பின்னச்சு 2,820. ட்ரெய்லரோடு முன்னச்சு 2,800, பின்னச்சு 4,225. கூட்டுத்தொகைகளின் வித்தியாசமான 975தான் டங் வெயிட். பின்னச்சைக் கவனியுங்கள், 1,405 பவுண்டு ஏறியிருக்கிறது, நெம்புகோல் வேலை. முன்னச்சில் 430 இறங்கிவிட்டது. ஸ்டியரிங் லேசாக மிதப்பதன் காரணம் இதுதான். பார்களை இறுக்கி மூன்றாம் முறை நிறுத்தினால் இழந்ததில் எவ்வளவு திரும்பியது என்று தெரியும். எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கிறது. அதற்கு மேல் இறுக்கினால் பின்சக்கரப் பிடி குறையும்.

விதிகள் வண்டியின் வகையைவிட ட்ரெய்லரைப் பொறுத்தே மாறுகின்றன. தமிழர்கள் அதிகமுள்ள ஒன்டாரியோவில் சாதாரண கார் உரிமமான ஜி உரிமத்தோடு 4,600 கிலோ வரையிலான ட்ரெய்லரை இழுக்கலாம், வண்டியும் சேர்ந்து 11,000 கிலோவைத் தாண்டக் கூடாது. 1,360 கிலோவைத் தொட்டால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். கலிஃபோர்னியாவில் கேம்பிங் ட்ரெய்லருக்கு 1,500 பவுண்டிலேயே பிரேக் வேண்டும், ட்ரெய்லரோடு போனால் மணிக்கு 55 மைல்தான். அங்கே சாதாரண கார் உரிமமான சி வகுப்பு 10,000 பவுண்டு ட்ரெய்லர் வரை செல்லும். அதைத் தாண்டி 15,000 வரை என்றால், சொந்தப் பயணத்துக்கான ஃபிஃப்த் வீலுக்கு எழுத்துத் தேர்வோடு ஒரு கூடுதல் அனுமதி போதும். அதே எடையில் ட்ராவல் ட்ரெய்லர் என்றால் வணிகம் சாரா ஏ வகுப்பு உரிமமே வாங்க வேண்டும்.

6,000 பவுண்டுக்குள் ட்ரெய்லர், நான்கு பேர், சமதளம் என்றால் ஹாஃப் டன்னே போதும், வாரம் முழுக்க ஓட்டவும் சுகம். 7,500-ஐ நெருங்கினால் முக்கால் டன் பெட்ரோல். டீசல் வாங்குவதானால் மலைப்பாதைக்காக வாங்குங்கள், சுமைக்காக அல்ல. எந்த வண்டியானாலும் முன்பணம் கட்டுவதற்குமுன் அதே வண்டியின் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்கும் அதே மாடலில் சன்ரூஃபும் மின்சாரப் படிகளும் இருந்தால், அதன் எண் குறைந்திருக்கும்.