மூக்குத் தண்டும் 700 ரூபாயும்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு முக அழகு கிளினிக். ஆலோசனைக்கு 700 ரூபாய். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் என் மூக்குத் தண்டில் ஒரு மேடு. பக்கவாட்டில் போட்டோ எடுத்தால் எனக்கு அது மட்டும்தான் தெரியும். ஆபரேஷனில் அதைச் சரிசெய்யலாமா என்று கேட்கப் போனேன். காட்பாடி ஜங்ஷனில் லேட் வண்டிக்குக் காத்திருப்பதுபோல ஒன்றேமுக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். அதற்குள் வரவேற்பில் இருந்த பெண், "இந்த மாசமே முடிச்சா டிஸ்கவுண்ட் சார்" என்றார். மூக்கு என்ன, தீபாவளித் துணியா?

டாக்டர் நல்லவர். கையில் கண்ணாடியைக் கொடுத்து, "எது உறுத்துது, நீங்களே காட்டுங்க" என்றார். மூச்சு சரியாக வருகிறதா என்று இரண்டு துவாரத்தையும் பார்த்தார். ஒரு வாரம் கட்டு, கண்ணைச் சுற்றிக் கன்றிப்போகும், நுனி வீக்கம் முழுதாக வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம், சிகரெட்டை முன்னாடியே விடணும், அழகுக்காக என்றால் காப்பீடு வராது... எதையும் மறைக்கவில்லை. கம்ப்யூட்டரில் காட்டிய மூக்கு அப்படியே வரும் என்ற உத்தரவாதமும் கிடையாதாம். தங்கச்சி கல்யாணம் இரண்டு மாதத்தில் என்றதும், "அப்போ இப்ப வேணாம்" என்று பேனாவை மூடிவிட்டார்.

மொத்தச் செலவை எழுதித் தரச் சொன்னால் மட்டும் கடைசிவரை யாரும் தரவில்லை. டாக்டருக்காக மூன்றரை ஸ்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா சிரிக்கிறார். அது தாத்தா மூக்காம், சைக்கிளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம்.