ரப்பரா, கயிறா, பந்தா? உங்கள் நாய்க்கு எந்தப் பொம்மை

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். மணி, 32 கிலோ எடையுள்ள லாப்ரடார் கடுவன். செவலை, ஒட்டிய வயிறும் நீண்ட முகமும் கொண்ட சிப்பிப்பாறைப் பெட்டை. ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரிப் பந்தை இரண்டுக்கும் கொடுத்தால், மணி அதை முன்னங்கால்களுக்கு நடுவே அமுக்கிக்கொண்டு படுத்துவிடுவான். அரை மணி நேரத்தில் பந்தின் மேல் ரோமம் உரிந்து திண்ணையெல்லாம் பறக்கும். செவலைக்குப் பந்து உருளும்வரைதான் உயிர்ப்பொருள். நின்ற நொடியில் அது அவளுக்கு வெறும் கல்.

கடைகளில் பொம்மைகளைச் சிறிய நாய்க்கு, பெரிய நாய்க்கு என்று பிரித்து அடுக்கியிருப்பார்கள். அந்த அளவுக் கணக்கு தேவைதான். ஆனால் இந்த இரண்டு பேரையும் ஆறு வருடமாக வளர்த்ததில் அதைவிட முக்கியமான கோடு ஒன்று எனக்குப் புலப்பட்டது. வீட்டில் ஆள் இல்லாதபோதும் நாயிடம் விட்டுச் செல்லக்கூடிய பொம்மை ஒரு பக்கம். ஆள் கூடவே இருந்தால் மட்டும் எடுத்துக்கொடுத்து, விளையாட்டு முடிந்ததும் வாங்கி வைத்துவிட வேண்டிய பொம்மை மறுபக்கம். எது நல்ல பொம்மை என்ற சண்டையில் பாதி இந்தக் கோட்டைப் போட்டதுமே தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தைகளின் பொம்மைகளுக்கு நம் நாட்டில் 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த ஆணை 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொருள்களுக்கானது. நாய்ப் பொம்மை அதற்குள் வராது. எனவே அட்டையில் ‘உடையவே உடையாது’, ‘நச்சு இல்லாதது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அதை யாரோ சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கையில் எடுத்து அமுக்கி, வளைத்து, முகர்ந்து பார்த்து வாங்குவது நம் பொறுப்பு.

முதல் போட்டி கயிற்றுக்கும் ரப்பருக்கும். பெரும்பாலான வீடுகளில் முதலில் நுழைவது கயிற்றுப் பொம்மைதான். விலை குறைவு, இரண்டு முனையிலும் பெரிய முடிச்சு, பார்ப்பதற்கு உறுதி. பல்லைச் சுத்தம் செய்யும் என்றும் சொல்லி விற்கிறார்கள். பல் துலக்கிவிடுவதற்கு அது ஈடாகாது. ஆனால் இழுபறி விளையாட்டுக்குக் கயிற்றை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நாய் ஒரு முனையையும் நாம் மறுமுனையையும் பிடித்துப் பத்து நிமிடம் மல்லுக்கட்டினால் அதன் உடம்பும் மனசும் ஒருசேரக் களைத்து அமைதியாகிவிடும். இழுபறி ஆடினால் நாய் முரடாகிவிடும் என்று பெரியவர்கள் சிலர் தடுப்பதுண்டு. ‘விடு’ என்றதும் விடுவதற்குப் பழக்கியிருந்தால் அந்தப் பயம் வேண்டாம்.

கயிற்றின் கெட்ட முகத்தை நான் மணியிடம்தான் பார்த்தேன். ஒரு நாள் மதியம் கயிற்றை அவனிடமே விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது முடிச்சு அவிழ்ந்து நூல் பிரிபிரியாகக் கிடந்தது. எவ்வளவு உள்ளே போயிற்று என்று தெரியவில்லை. மறுநாள் காலை அவன் மலம் கழித்தபோது பின்புறத்தில் ஒரு சாண் நூல் தொங்கியது. கை தானாக அதைப் பிடித்து இழுக்கப் போனது. நல்லவேளையாக முதலில் கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “தொடாதீர்கள், நாயைக் கூட்டி வாருங்கள்” என்றார் அவர்.

காரணத்தை அவர் பின்னால் விளக்கினார். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொண்டிருக்கும். மீதி நூலைக் குடல் தன் போக்கில் தள்ளிக்கொண்டே இருக்கும். நாடாவை இழுக்க இழுக்கப் பாவாடை சுருங்கிக்கொண்டு வருவதுபோல் குடல் நூலின்மேல் சுருங்கி ஏறிவிடும். அந்த நிலையில் வெளியே தொங்கும் முனையை இழுத்தால் நூல் குடல் சுவரை உள்ளிருந்தே அறுத்துவிடும். அறுவை செய்தாலும் பிழைப்பது உறுதியில்லை. மணிக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. இரண்டு நாள் கண்காணிப்பில் எல்லாம் தானாக வெளியேறியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கயிறு எட்டாத உயரத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. விளையாட எடுப்பேன், விளையாடி முடித்ததும் மாட்டிவிடுவேன். நூல் பிரியத் தொடங்கினால் வெட்டிச் சரிசெய்வதில்லை, தூக்கி எறிந்துவிடுகிறேன்.

ரப்பர் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. நடுவில் குழியுள்ள, அடுக்கு வளையம்போன்ற ரப்பர் பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெயர்பெற்றது ‘காங்’. அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் ஃபிரிட்ஸ், கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஃபோக்ஸ்வேகன் வேன் ஒன்றைப் பழுது பார்க்கும்போது கழற்றிப் போட்ட ரப்பர் பாகம் ஒன்றை அது விடாமல் மெல்வதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. 1976இல் நிறுவனம் தொடங்கினார். சிவப்பு நிறம் சாதாரணமாக மெல்லும் நாய்க்கு, கறுப்பு கடுமையாகக் கடிக்கும் நாய்க்கு; குட்டிக்கும் வயதான நாய்க்கும் இன்னும் மிருதுவான வகைகள் தனியாக உண்டு. நிறத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மணிக்கு முதலில் சிவப்பு வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் விளிம்பைக் கடித்து எடுத்துவிட்டான். கறுப்பு மூன்றாவது வருடமாக ஓடுகிறது.

விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கயிற்றைப்போல் பல மடங்கு. வெறுமனே கொடுத்தால் பல நாய்கள் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும் என்பதும் உண்மை. ரப்பரின் மதிப்பு அந்தக் குழியில் இருக்கிறது. தாளிக்காத, உப்புப் போடாத தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து, வேகவைத்த கேரட்டும் கோழித் துணுக்கும் கலந்து, விரலால் அழுத்தி அழுத்தி அடைப்பேன்.  இரவு முழுவதும் ஃபிரீசரில் இருக்கும். மே மாத மதியத்தில் அதை எடுத்துக் கொடுத்தால், மணி சிமெண்டுத் தரையில் படுத்து, பொம்மையைச் சாய்த்துப் பிடித்து, நாக்கை உள்ளே விட்டு விட்டு நக்குவான். வெளிப்பனி உருகித் தரையில் வட்டமாக நீர் கட்டும். முதலில் ஓரத்துச் சாதம் இளகி வரும், பிறகு கோழித் துணுக்கு ஒவ்வொன்றாக. நாற்பது நிமிடம் ஆகும். அதன்பின் அவன் உறங்குகிற உறக்கம், காலையில் எவ்வளவு நேரம் நடத்திக் கூட்டிச் சென்றாலும் வராத உறக்கம். தனியாக விட்டுச் செல்லும்போது குரைத்துத் தெருவைக் கூட்டும் நாய் வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

அடைக்கும் பொருளில் கவனம் தேவை. வெங்காயம், பூண்டு, உலர்திராட்சை, சாக்லேட் எதுவும் கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதாக இருந்தால் அதன் அட்டையில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மனிதருக்குத் தீங்கில்லாத அந்தப் பொருள் நாயின் இரத்தச் சர்க்கரையைக் கடகடவென்று இறக்கும், கல்லீரலையும் கெடுக்கும்.

மலிவான ரப்பர் பொம்மை வாங்குவோர் துளைகளை எண்ணிப் பாருங்கள். ஒரே துளை மட்டும் உள்ள பந்தோ குழிப்பொம்மையோ வேண்டாம். நாய் உள்ளே நாக்கை விட்டு நக்கும்போது காற்று வெளியேறி, நாக்கை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வீங்கிய நாக்கை எடுக்க முடியாமல் போகும். காற்று போய்வர இரண்டாவது வழி இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது பந்து. டென்னிஸ் பந்தின் மேலுறை நாயின் பல்லுக்கு உப்புத்தாளுக்குச் சமம், அதிலும் மண் ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம். எறிந்து எடுத்துவரச் செய்தால் பெரிய பாதகமில்லை. மணியைப்போல் உட்கார்ந்து மெல்லும் நாய்க்கு மாதக்கணக்கில் கொடுத்தால் கோரைப் பல்லின் முனை மழுங்கிப் போகும். அளவும் ஒரு சிக்கல். அதன் குறுக்களவு ஏறக்குறைய 6.7 சென்டிமீட்டர். ராஜபாளையம், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய வாய்க்குள் அது முழுதாகப் போய்த் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும். வழுவழுப்பான கெட்டி ரப்பர் பந்து, டென்னிஸ் பந்தைவிட ஒரு சுற்றுப் பெரியதாக, இவற்றுக்கு ஏற்றது. கிரிக்கெட் கார்க் பந்தைக் கையால்கூடத் தொட விடாதீர்கள். நிறம் கேட்டால் நீலம் என்பேன். நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்புப் பந்தைப் புல்லில் எறிந்துவிட்டு, ‘கண்ணெதிரே இருப்பதை எடுக்கத் தெரியவில்லையே’ என்று நாயைக் கோபித்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த நாய்மேல் இரக்கம் வரும்.

செவலைக்குப் பந்தும் போதவில்லை. முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அவளுடையது. திசை மாறி ஓடும் பொருளைத்தான் அந்தக் கண் தேடும். எறிந்த பந்து ஒரே கோட்டில் போய் நின்றுவிடுகிறது. இரண்டு யோசனைகள் கிடைத்தன. ஒன்று, சிவப்புப் புள்ளி வீசும் லேசர் விளக்கு. நின்ற இடத்திலிருந்தே நாயை ஓட வைக்கலாம். மற்றொன்று, மூங்கில் கம்பின் நுனியில் கயிறு கட்டி, அதன் கடைசியில் பழைய துணியை முடிந்து, தரையோடு தரையாக வீசி இழுப்பது. லேசரை நான் கொடுக்க மாட்டேன். அதை நாயால் ஒருபோதும் பிடிக்க முடியாது. பிடிபடாத ஒன்றைத் துரத்தித் துரத்தி, சில நாய்கள் விளக்கை அணைத்த பிறகும் சுவரில் விழும் நிழலையும் வெளிச்சத்தையும் மணிக்கணக்கில் வெறித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு ஆளாகின்றன. கம்புத் துணியோ நான்கு சுற்று வளைத்து ஓடியபின் வாயில் அகப்படும். செவலை துணியைக் கவ்வித் தலையை இப்படியும் அப்படியுமாக இரண்டு உதறு உதறுவாள் பாருங்கள், அந்த இரண்டு உதறலுக்காகத்தான் அத்தனை ஓட்டமும். கம்பை உயரத் தூக்கித் துள்ள வைக்காதீர்கள், மூட்டுக்கு நல்லதல்ல. வெயிலுக்கு முன்னால், காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் போதும்.

பஞ்சு அடைத்த, அமுக்கினால் கீச்சிடும் பொம்மைகள் செவலையிடம் வருடக்கணக்கில் இருக்கும். வாயில் தூக்கிக்கொண்டு அலைவாள், அதன்மேல் தலை வைத்துத் தூங்குவாள். மணியிடம் ஐந்து நிமிடம். வயிற்றைக் கிழித்துக் கீச்சுக் குமிழைத் தேடுவதுதான் அவனுக்கு விளையாட்டு. அந்தக் குமிழ் தொண்டையிலும் குடலிலும் அடைக்கும் அளவில் இருப்பதால் கிழிக்கும் நாய்க்கு இது ஆகாது. எந்த நாய்க்குக் கொடுத்தாலும் பிளாஸ்டிக் கண்களைப் பிடுங்கிவிட்டுக் கொடுங்கள்.

கெட்டியாக மெல்லும் பொருள்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை அதிகமில்லை. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். எலும்பை உடைப்பது மேல்வரிசையில் கடைவாய்ப் பக்கம் இருக்கும் பெரிய பல்தான். சமைக்காத எலும்பு, மாட்டுக் கொம்பு, கெட்டி நைலான், நாய் மெல்லுவதற்கென்று கல்லாக உலர்த்தி விற்கும் இமயமலைப் பாலாடைக் கட்டி எல்லாவற்றிலும் உடைந்து சில்லுப் பெயர்வதும் அந்தப் பல்தான். கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் பதியவில்லை என்றால் அது பல்லுக்கு ஆகாத பொருள். மான் கொம்பை விற்பதும் வாங்குவதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இணையத்தில் கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள். முடிச்சுப் போட்ட மாட்டுத்தோல் பட்டை பல்லை உடைக்காது. ஆனால் ஊறி உப்பி, பெரிய துண்டாக விழுங்கப்பட்டு வயிற்றில் அடைத்துக்கொள்ளும். சமைத்த கோழி எலும்பு குச்சி குச்சியாகப் பிளந்து குத்தும் என்பது எல்லோரும் அறிந்ததே.

காசு செலவழிக்காமலும் விளையாட்டு காட்டலாம். தேங்காய் மட்டையை நம் வீடுகளில் காலங்காலமாகப் போடுகிறோம். பிய்த்துப் போடும் நாய்க்குச் சரி, நாரை விழுங்கும் நாய்க்குக் கயிற்றுக்குச் சொன்னதே இதற்கும். பழைய செருப்பு வேண்டவே வேண்டாம். பழையது எது, நேற்று வாங்கியது எது என்று நாய்க்குத் தெரியாது. நான் கைவிடாத ஒன்று பழைய குளியல் துண்டு. அதை விரித்து, காலைச் சாப்பாட்டின் உலர் தீவனத்தை அங்கங்கே தூவி, பாயைப்போல் சுருட்டிக் கொடுத்தால் மூக்கால் தள்ளித் தள்ளி விரித்துத் தேடித் தின்னும். முகர்ந்து தேடுவதற்கென்று விற்கும் விலையுயர்ந்த விரிப்புகள் செய்வதும் இதையேதான். தின்று முடித்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும்.

புதிதாகக் குட்டி வாங்கியவர்களுக்கு மட்டும் என் வரிசை மாறும். குட்டிக்கு 28 பால்பற்கள். மூன்று, நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். அந்த மாதங்களில் ஈறு நமைச்சலில் கதவு நிலை, நாற்காலிக் கால் எதையும் விடாது. கறுப்பு ரப்பர் அந்த வயதுக்கு மிகவும் கெட்டி. குட்டிகளுக்கான மிருதுவான ரப்பர் ஒன்றும், நனைத்து முறுக்கி ஃபிரீசரில் வைத்த கெட்டித் துணி ஒன்றும் இருந்தால் போதும். துணியை நீங்கள் ஒரு முனையில் பிடித்துக்கொண்டே கொடுங்கள். ஏழாம் மாதம் அது மெல்லுகிற நாயா, ஓடுகிற நாயா, கிழிக்கிற நாயா என்று தெரிந்துவிடும். மற்றப் பொம்மைகளை அதன் பிறகு வாங்கலாம்.